விலை சொன்ன கதை

அமெரிக்காவில் ஒரு கம்பெனி தன் பங்குகளை ஊராருக்கு விற்க வேண்டுமானால், முதலில் ஒரு புத்தகம் போட்டாக வேண்டும். பிராஸ்பெக்டஸ் என்று அதற்குப் பெயர். 1929-ம் வருஷத்துச் சரிவில் ஜனங்கள் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 1933-ல் வந்த சட்டத்தின் ஏற்பாடு இது. கம்பெனி என்ன தொழில் செய்கிறது, யார் நடத்துகிறார்கள், வரவு என்ன, செலவு என்ன, எந்தெந்த வழியில் இந்த வண்டி குடை சாயக்கூடும் என்பதையெல்லாம் ஒளிக்காமல் அதில் எழுதிவிட வேண்டும்.

நான் கதை எழுதுகிறவன். பிராஸ்பெக்டஸ் படிப்பது என் தொழில் அல்ல. ஆனாலும் 1995-க்கும் 2000-க்கும் இடையே இணையக் கம்பெனிகளின் பங்குகள் அமெரிக்காவில் வானளாவ ஏறி, பிறகு தரையில் விழுந்த வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, அந்தப் புத்தகங்கள் சிலவற்றையும் புரட்டிப் பார்த்தேன். அந்நாட்டு அரசாங்கத்தின் பங்குக் கமிஷன் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொய்யும் புளுகுமாக இருக்கும் என்று எண்ணிப் போனவன் திகைத்துப் போனேன். இத்தனை பச்சையான உண்மையை நான் எந்தப் பெரிய மனிதரின் சுயசரிதையிலும் கண்டதில்லை!

அமேஸான் கம்பெனி 1997-ம் வருஷம் மே மாதத்தில் பங்கு விற்க வந்தது. அப்போது அது புத்தகம் மட்டுமே விற்றுக்கொண்டிருந்த கடை. 'இதுவரை எங்களுக்கு நஷ்டம். இனியும் கண்ணுக்கெட்டிய காலம் வரையில் கணிசமான நஷ்டமே வரும் என்று நம்புகிறோம்' என்ற பொருள்பட அது தன் பிராஸ்பெக்டஸில் அச்சடித்து விட்டது. நாய்க்கும் பூனைக்கும் தீனி விற்ற பெட்ஸ் டாட் காம் என்ற கம்பெனியின் கணக்கு இன்னும் வேடிக்கை. 1999 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரையில் அது செய்த வியாபாரம் 6 லட்சத்து 19 ஆயிரம் டாலர். அதே காலத்தில் விளம்பரத்துக்குச் செலவழித்தது 1 கோடியே 18 லட்சம் டாலர். அதாவது ஒரு ரூபாய்க்குச் சரக்கு விற்பதற்கு 19 ரூபாய்க்குத் தமுக்கு அடித்திருக்கிறார்கள். இதையும் யாரும் மறைக்கவில்லை. ஜனங்கள் வாங்கினார்கள்.

இந்தச் சம்பவங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் ஒரு சாரார் மோசடி என்கிறார்கள். இன்னொரு சாரார், ஊருக்கே பைத்தியம் பிடித்தது என்கிறார்கள். நம் ஊரில் கேட்டால், 'பேராசை பெருநஷ்டம்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி விபூதி பூசிவிடுவார்கள். எனக்கு இந்த மூன்றிலும் திருப்தி இல்லை. நஷ்டம் வரும் என்று விற்கிறவனே எழுதிக் கொடுக்கிறான். வாங்குகிறவன் எழுத்தறிவு உள்ளவன். அப்படியானால் அவன் எதைப் படித்து வாங்கினான்?

கதை 1995-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி தொடங்குகிறது. நெட்ஸ்கேப் என்று ஒரு கம்பெனி. தோன்றிப் பதினாறு மாதந்தான் ஆகியிருந்தது. ஜிம் கிளார்க் என்ற அனுபவசாலியும், மார்க் ஆண்டிரீஸன் என்ற 24 வயதுப் பிள்ளையும் சேர்ந்து ஆரம்பித்தது. இணையத்தில் உள்ள பக்கங்களைக் கம்ப்யூட்டர் திரையில் திறந்து காட்டும் கருவியைச் செய்தார்கள். நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் லாபம் என்பதை அந்தக் கம்பெனி இன்னும் கண்டதில்லை. பங்கு ஒன்றை 14 டாலருக்கு விற்கலாமென்று முதலில் யோசித்தார்கள். கேட்பவர்களின் கூட்டத்தைப் பார்த்து 28 என்று இரட்டித்தார்கள். அன்று காலை நாஸ்டாக் சந்தையில் முதல் வியாபாரம் நடந்தபோது விலை 71 டாலர்! சாயங்காலம் 58 டாலர் 25 சென்டில் முடிந்தது. காலையில் கடை திறந்த அந்தக் கம்பெனிக்குச் சந்தை மூடும்போது ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்பு.

28 டாலர் என்று விலை வைத்த பங்கு எப்படி 71-ல் திறந்தது? இந்த இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள்? சம்பந்தி வீட்டார், ஊர்ப் பெரிய மனிதர், கொடுக்கல் வாங்கல் உள்ளவர். நாம் கைகழுவிவிட்டுத் திண்ணையில் காத்திருக்கிறோம். பங்கு வெளியீடும் அப்படித்தான். வெளியீட்டை நடத்துகிற பாங்கிக்காரர்கள் 28 டாலர் விலையில் பங்குகளைத் தங்களுக்கு வேண்டிய பெரிய நிதிகளுக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் முந்தின நாளே ஒதுக்கிவிடுகிறார்கள். இது முதல் பந்தி. மறுநாள் காலையில் சந்தை திறந்ததும், தரகரிடம் சொல்லி வைத்துக் காத்திருக்கும் பல் வைத்தியரும் பள்ளிக்கூட ஆசிரியரும், முதல் பந்திக்காரர் விற்பதை 71-க்கு வாங்குகிறார்கள். கம்பெனியின் மொத்தப் பங்குகளில் ஒரு சிறு பகுதிதான் சந்தைக்கு வரும். மிச்சமெல்லாம் சொந்தக்காரர்களிடமே பூட்டிக் கிடக்கும். வழக்கமாக 180 நாள் வரையில் அவர்கள் விற்கக்கூடாது. சரக்குக் குறைவு, கூட்டம் அதிகம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தி குளோப் டாட் காம் கம்பெனியைப் பார்க்க வேண்டும். கார்னெல் சர்வகலாசாலையில் படித்த இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. ஜனங்கள் இணையத்தில் கூடிப் பேசுவதற்கு ஒரு மடம் மாதிரி. 1998 நவம்பர் 13-ந் தேதி 31 லட்சம் பங்குகளை 9 டாலர் வீதம் வெளியிட்டார்கள். முதல் வியாபாரம் 87-ல். 97 வரையில் போய், 63 டாலர் 50 சென்டில் நின்றது. ஒரே நாளில் ஆறு மடங்குக்கு மேல் ஏற்றம். அதுவரை யாரும் கண்டிராதது. பத்திரிகைகள் அந்த இரண்டு இளைஞர்களையும் கோடீசுவரர்கள் என்று படம் போட்டுக் கொண்டாடின.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 31 லட்சம் பங்கு, 9 டாலர்: தரகு கழிக்குமுன் கம்பெனிக்கு வந்தது 2 கோடியே 79 லட்சம் டாலர். அதே பங்குகளுக்கு அன்று மாலை விலை ஏறக்குறைய 19 கோடியே 68 லட்சம் டாலர். நடுவே நிற்பது ஏறக்குறைய 17 கோடி. இந்த 17 கோடியில் கம்பெனிக்கு ஒரு காசு கிடையாது. முதல் பந்திக்காரர் விற்ற அளவுக்கு அது அவர்கள் பைக்குள் போயிற்று. கொடுத்தவர் யார்? 87-க்கும் 97-க்கும் வாங்கிய திண்ணைக்காரர். 2001-ல் அந்தப் பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கி, நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஆகவே 'பேராசை' என்ற தீர்ப்பை நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை. முதல் பந்தியில் சாப்பிட்டவனுக்கும் ஆசைதான். அவனை யாரும் பழமொழி சொல்லித் திருத்தவில்லை.

லாபமில்லாத கம்பெனிக்கு விலையை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? புதிய அளவுகோல்கள் வந்தன. எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். 'கண்கள்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இத்தனை லட்சம் கண்கள், ஆகவே இத்தனை கோடி டாலர். (ஒரு மனிதனுக்கு இரண்டு கண் என்று எண்ணினார்களா, ஒன்று என்றா என்பது எனக்கு விளங்கவில்லை.) செலவு செய்கிற வேகத்தை 'எரிக்கிற வேகம்' என்றார்கள். வேகமாக எரிக்கிறவன் துணிச்சல்காரன். சேர்த்து வைப்பவன் பத்தாம்பசலி.

இந்த அளவுகோல்களுக்குப் பண்டிதர்களும் இருந்தார்கள். பங்கு ஆராய்ச்சியாளர் என்று பெயர். அவர்களில் ஹென்றி பிளாட்ஜெட் என்பவர் 1998 டிசம்பரில் ஒரு சிறிய ஸ்தாபனத்தில் வேலை பார்த்தார். சுமார் 240 டாலர் விற்ற அமேஸான் பங்கு 400-க்குப் போகும் என்று சொன்னார். ஒரு வருஷத்துக்குள் என்று அவர் சொன்னது ஒரு மாதத்துக்குள்ளேயே நடந்தது. மெரில் லிஞ்ச் என்ற பெரிய ஸ்தாபனம் அவரை அழைத்துக்கொண்டது. அவர் சொன்னது நடந்ததா, சொன்னதனால் நடந்ததா? சோசியரும் அவரே, கிரகமும் அவரே என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பெயர் மாற்றமும் ஒரு வைத்தியமாயிற்று. பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள் 1998, 1999 வருஷங்களில் பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' சேர்த்துக்கொண்ட கம்பெனிகளை ஆராய்ந்தார்கள். அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் அவற்றின் பங்குகள் சந்தையின் போக்குக்கு மேல் சராசரி 74 சதவீதம் ஏறியிருந்தன. தொழிலுக்கும் இணையத்துக்கும் அதிக சம்பந்தம் இல்லாத கம்பெனிகளுக்கும் இந்தப் பலன் கிடைத்ததாம். எண் ஜோதிடப்படி பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் நம்மவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இவையெல்லாம் அபிப்பிராய விஷயம், எதிர்காலத்தை யார் கண்டது என்று வாதிக்கலாம். ஆனால் 2000-ம் வருஷம் மார்ச்சு 2-ந் தேதி நடந்தது வெறும் கூட்டல் கழித்தல் விஷயம். த்ரீகாம் என்ற கம்பெனி, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர்களைச் செய்த தன் பாம் என்ற கிளையைத் தனியே பிரித்து, அதன் பங்குகளில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் சந்தையில் விற்றது. மிச்சத்தைச் சில மாதம் கழித்துத் தன் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தது. த்ரீகாம் பங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை பாம் பங்கு. அன்று மாலை பாம் பங்கின் விலை 95 டாலர் 6 சென்டு. ஒன்றரை பங்கு என்றால் 142 டாலருக்கு மேல். அப்படியானால் த்ரீகாம் பங்கு குறைந்தது 142-க்காவது விற்க வேண்டுமல்லவா? அது விற்றது 81 டாலர் 81 சென்டுக்கு! பசுவும் கன்றும் சேர்ந்து 81. கன்று மட்டும் 142. பாமைத் தவிர த்ரீகாமுக்கு வேறு தொழில் இருந்தது, கையில் ரொக்கமும் இருந்தது. அவற்றுக்கெல்லாம் சேர்த்துச் சந்தை போட்ட விலை, பூஜ்யத்துக்கும் கீழே 60 டாலர்.

இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். மறுநாள் பத்திரிகைகளிலும் வந்தது. இருந்தும் அடுத்த சில வாரங்களுக்கு அந்த வித்தியாசம் மறையவில்லை. இதைப் படித்தபோதுதான் என் கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது. ஜனங்கள் படித்தது பிராஸ்பெக்டஸை அல்ல, விலையை. நேற்று 60, இன்று 70, நாளை 80 என்று போகும் அந்த எண்களே ஒரு தொடர்கதை. 'இத்தனை பேர் இந்த விலை கொடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து எண்ணினார்கள். அந்த மற்றவர் இவரைப் பார்த்து எண்ணினார். நாவலாசிரியனுக்குப் பொறாமை தரக்கூடிய வாசகர் கூட்டம் அது. எழுதியவரே 'இது வெறும் கதை' என்று முதல் பக்கத்தில் அச்சடித்தும் நம்பினார்கள்!

உண்மை சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. மத்திய பாங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பர் 5-ந் தேதி ஒரு விருந்தில் பேசும்போது, சொத்துக்களின் விலையில் பகுத்தறிவுக்குப் பொருந்தாத உற்சாகம் புகுந்துவிட்டால் அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு கேள்வி போட்டார். நாஸ்டாக் குறியீட்டு எண் அன்று 1,300. பேச்சைக் கேட்டு உலகச் சந்தைகள் இரண்டொரு நாள் நடுங்கின. பிறகு மறந்தன. அவர் பேச்சைக் கேட்டு ஒதுங்கியவர், அடுத்த மூன்றே கால் வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் பணக்காரனாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தனக்குப் புரியாத தொழிலில் பணம் போடுவதில்லை என்று இருந்த வாரன் பஃபெட்டை, 1999 டிசம்பரில் பாரன்ஸ் என்ற வாரப் பத்திரிகை அட்டையில் போட்டு, 'உமக்கு என்ன ஆயிற்று?' என்கிற தோரணையில் விசாரித்தது. ஜூலியன் ராபர்ட்ஸன் என்ற பெயர் பெற்ற நிதி நிர்வாகி, இந்த விலைகளுக்கு அர்த்தமில்லை என்று பிடிவாதமாக ஒதுங்கி நின்றார். போட்ட பணத்தை ஆட்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். 2000 மார்ச்சு 30-ந் தேதி கடையைக் கட்டிவிட்டதாக அறிவித்தார். அவரை நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படுகிறது. ஏனென்றால், சந்தை அதன் உச்சியைத் தொட்டு அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை.

உச்சி என்பது 2000 மார்ச்சு 10. நாஸ்டாக் 5,048. முந்தின ஒரே வருஷத்தில் மட்டும் 85 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. அதே பாரன்ஸ் பத்திரிகை மார்ச்சு 20-ந் தேதி இதழில் 207 இணையக் கம்பெனிகளின் ரொக்க இருப்பைக் கணக்கெடுத்து, அவற்றில் 51-க்கு ஒரு வருஷத்துக்குள் கைப்பணம் தீர்ந்துவிடும் என்று எழுதியது. இந்தக் கணக்கும் ரகசியமல்ல. கம்பெனிகளே வெளியிட்ட அறிக்கைகளைக் கூட்டிக் கழித்ததுதான். ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, ஒரே நாளில் 355 புள்ளி விழுந்தது. அந்த ஒரு வாரத்தில் போனது நூற்றுக்கு 25.

அதற்குப் பிறகு நடந்தது இறங்குமுகம். அதை விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெட்ஸ் டாட் காமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காலுறையில் செய்த ஒரு நாய்ப் பொம்மைதான் அதன் விளம்பர முகம். கையில் மாட்டிக்கொண்டு பேச வைக்கும் பொம்மை. பொம்மை பிரமாதமாக இருந்தது. 1999 நவம்பரில் நியூயார்க் நகரத்து ஊர்வலத்தில் அதைப் பெரிய பலூனாகப் பறக்கவிட்டார்கள். 2000 ஜனவரியில், அந்த நாடே உட்கார்ந்து பார்க்கிற கால்பந்துப் பந்தயத்தின் நடுவே அது வந்து பாடியது. அன்று அந்தப் பந்தயத்தில் விளம்பரம் கொடுத்த இணையக் கம்பெனிகள் ஒரு டஜனுக்கு மேல். பிப்ரவரியில் பங்கு 11 டாலர். நாய்த் தீனி மூட்டை கனமான சரக்கு. அதை வாங்கிய விலைக்கும் கீழே விற்று, வண்டிச் சத்தமும் கையிலிருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நவம்பரில் கடையை மூடுவதாக அறிவித்தபோது பங்கு 19 சென்டு. வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்க வந்த வெப்வான் கம்பெனி, ஒரு நகரத்தில் ஒழுங்காக லாபம் பார்ப்பதற்குள் நாடு முழுவதும் கிடங்கு கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, 80 கோடிக்கு மேல் தொலைத்து 2001 ஜூலையில் விழுந்தது. 2002 அக்டோபர் 9-ந் தேதி நாஸ்டாக் 1,114. கிரீன்ஸ்பான் கேள்வி கேட்ட நாளில் இருந்த இடத்துக்கும் கீழே. மறுபடியும் பழைய உச்சியைத் தாண்டி முடிய 2015 ஏப்ரல் ஆயிற்று.

அமேஸானும் விழுந்தது. 100 டாலருக்கு மேல் விற்ற பங்கு 2001 செப்டம்பரில் 6 டாலருக்கும் கீழே வந்தது. ஆனால் சரிவுக்குச் சில வாரங்களுக்கு முன்தான், 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் வாங்கி வைத்திருந்தார்கள். அது மூச்சைப் பிடித்து வைத்தது. 2001-ம் வருஷத்தின் கடைசி மூன்று மாதத்தில் முதல் முதலாக 50 லட்சம் டாலர் லாபம் கண்டார்கள். பங்குக்கு ஒரு சென்டு. சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா? இரண்டும்தான். ஆனால் இன்று அதைக் காட்டி, 'பார்த்தீர்களா, அன்றே வாங்கியிருந்தால்!' என்று பெருமூச்சு விடுகிறவர்கள், பக்கத்தில் நின்ற நூறு கம்பெனிகளின் பெயரைச் சொல்வதில்லை.

நான் மோசடி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் அதற்கு விலக்கு உண்டு. நியூயார்க் மாகாணத்தின் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்ஸர் மெரில் லிஞ்ச் ஸ்தாபனத்தின் மின்னஞ்சல்களைக் கைப்பற்றி 2002 ஏப்ரலில் வெளியிட்டார். வெளியே 'வாங்குங்கள்' என்று சிபாரிசு செய்யப்பட்ட பங்குகளை, ஆராய்ச்சியாளர்கள் உள்ளுக்குள் 'குப்பை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளியது. எந்தக் கம்பெனியின் பங்கைச் சிபாரிசு செய்கிறார்களோ அந்தக் கம்பெனியிடமிருந்தே அதே ஸ்தாபனத்தின் மற்றோர் அறையில் தரகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில் மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. 2003 ஏப்ரலில் பத்துப் பெரிய ஸ்தாபனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலர் கட்டின. பிளாட்ஜெட் 40 லட்சம் டாலர் கட்டினார். ஆயுள் முழுவதும் அந்தத் தொழிலுக்கு வரக்கூடாதென்று தடை. 'குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை' என்பது அந்தச் சமரசத்தின் வாசகம். எப்பேர்ப்பட்ட வாக்கியம்! என் பாத்திரம் ஒன்று அப்படிப் பேசினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அவர் பிறகு பத்திரிகை நடத்தப் போய் நன்றாகவே இருந்தார்.

கம்பெனி தன் புத்தகத்தில் உண்மையை எழுதியது. நடுவில் நின்று பொருள் சொன்னவர் வேறு சொன்னார். வேத பாடம் சரியாகத்தான் இருந்தது, உரைகாரர்தான் காலை வாரினார்.

நஷ்டம் யாருக்கு? 2000 மார்ச்சு முதல் 2002 அக்டோபர் வரையில் சுமார் 5 லட்சம் கோடி டாலர் மதிப்பு மறைந்ததாகச் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய எண் மனசில் ஒட்டாது. சிறிய எண் ஒன்று சொல்கிறேன். இந்தக் கம்பெனிகளில் சம்பளத்துக்குப் பதில் பாதி, பங்கு வாங்கும் உரிமையாகக் கொடுப்பார்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு டாலருக்கு வாங்கும் உரிமை உள்ள பங்கு, 2000 தொடக்கத்தில் 100 டாலர் விற்கிறது. ஊழியன் வாங்குகிறான், விற்கவில்லை. ஒரு வருஷம் வைத்திருந்து விற்றால் வரி குறையும் என்று எல்லாரும் யோசனை சொல்கிறார்கள். அடுத்த வருஷம் பங்கு 5 டாலர். ஆனால் அந்நாட்டு மாற்று வரிச் சட்டப்படி, வாங்கிய அன்று இருந்த 99 டாலர் 'லாப'த்துக்கு நூற்றுக்கு 26, 28 என்று வரி வந்து நிற்கிறது. பங்குக்கு 26 டாலர் வரி. பங்கையே விற்றால் வருவது 5. கண்ணால் காணாத பணத்துக்கு வரி கட்ட வீட்டை விற்றவர்கள் உண்டு. 2008 அக்டோபரில்தான் காங்கிரஸ் சட்டம் செய்து, பாக்கி நின்றவற்றைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் ஒழுங்காகக் கட்டித் தீர்த்தவர்கள் ஏமாந்தவர்களானார்கள்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இங்கே தலைமையகம் வைத்திருந்த சத்யம் இன்ஃபோவே, 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பங்கு விற்ற முதல் இந்திய இணையக் கம்பெனி. அடுத்த மாதமே அது இந்தியாவேர்ல்டு என்ற இணையத் தளக் கம்பெனியை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. ஒரு பழைய நூற்பாலையை வாங்கினாலாவது கட்டிடமும் நிலமும் இருக்கும். இதில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்புப் பலகை. அமெரிக்கா அந்த அக்டோபரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான விசா எண்ணிக்கையை வருஷத்துக்கு 1,95,000 என்று உயர்த்திச் சட்டம் செய்தது. வேடிக்கை என்னவென்றால், சரிவு தொடங்கி அப்போது ஆறு மாதம் கடந்திருந்தது. அந்த நாளில் அந்த விசாவில் வேலை போனால் தங்கும் உரிமையும் போயிற்று. 2001-ல் ஊர் திரும்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும். ஆறு மாதம் வரையில் தெருவில் தலை காட்டவில்லை. பகல் வேளையில் வந்தால், 'லீவா?' என்று கேட்பார்களே என்ற பயம். ஒரு பங்கு கூட வாங்கியறியாதவன் அவன்.

ஆனால் பணம் எரிந்ததில் மிச்சம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இணையப் போக்குவரத்து 100 நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று ஒரு செய்தி அந்த வருஷங்களில் உலாவியது. அமெரிக்க அரசாங்க அறிக்கையிலேயே ஏறிவிட்டது. உண்மையில் அது இரட்டித்தது சுமார் ஒரு வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்த 100 நாளை நம்பிக் கடலுக்கடியிலும் நிலத்துக்கடியிலும் கண்ணாடி இழைக் கேபிள்களை ஏராளமாகப் போட்டார்கள். போட்ட கம்பெனிகள் 2002-ல் வரிசையாகத் திவாலாயின. கேபிள் அங்கேயே கிடந்தது. 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து டைகோ கம்பெனி போட்ட 60,000 கிலோமீட்டர் கேபிளை, 2004-ல் இந்தியாவின் வி.எஸ்.என்.எல். 13 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. கடல் கடந்து பேசுவதும் எழுதுவதும் மலிவானதனால்தான் சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்குக் கணக்கு எழுத முடிந்தது. அந்தப் பையனுக்கும் அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தில்தான் பிறகு வேலை கிடைத்தது. கேபிளுக்குப் பணம் போட்டு இழந்தவர்களுக்கு அவனைத் தெரியாது. அவனுக்கும் அவர்களைத் தெரியாது.

1840-களில் இங்கிலாந்தில் ரயில்வேப் பங்கு மோகம் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. பங்கு வாங்கியவர்கள் போனார்கள், தண்டவாளம் நின்றது. பிரான்டி சகோதரிகள் கூட அத்தை வைத்துவிட்டுப் போன பணத்தை ஒரு ரயில்வேக் கம்பெனியில் போட்டிருந்தார்கள். சார்லட் பிரான்டி அதில் கணிசமாக இழந்தாள். இங்கிலாந்தின் மிகச் சிறந்த நாவல்களை எழுதிய வீட்டிலேயே இது நடந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

பெட்ஸ் டாட் காம் சாமான்களை ஏலம் விட்டபோது, காலுறை நாய்ப் பொம்மையின் உரிமையை ஒரு கம்பெனி 1,25,000 டாலருக்கு வாங்கியது. 2002-ல் அந்தப் பொம்மை மறுபடி விளம்பரத்துக்கு வந்தது. பழைய கடன் பாக்கியால் பெயர் கெட்டுப்போனவர்களுக்கு மோட்டார் கார் வாங்கக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று அதை வேலைக்கு வைத்துக்கொண்டது.